கெ ஹோங்கின் இரு மருந்துகள்

சீனாவில் 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கெ ஹோங் என்ற தாவோ அறிஞர், அவசரத்துக்கு உதவும் மருந்துகளைத் திரட்டிக் கையடக்கமான நூல் ஒன்று எழுதினார். வைத்தியர் கிடைக்காத ஊர்களில் கையருகே இருப்பதை வைத்து உயிரைக் காப்பதுதான் அதன் நோக்கம். விட்டுவிட்டு வரும் குளிர்காய்ச்சலுக்கு அதில் ஒரு முறை சொல்கிறார்: சிங்ஹாவ் என்ற செடியைக் கைப்பிடியளவு எடுத்துத் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, சாற்றைக் குடிக்கவேண்டும். காய்ச்சிக் கஷாயமாக்கும்படி அவர் சொல்லவில்லை.

ஏறத்தாழ 1,600 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தச் சிறு வேறுபாடு பெரிய விளைவைத் தந்தது. வியட்நாம் போரில் வடக்குப் படைகளை மலேரியா வாட்டியது. 1967 மே 23 அன்று சீன அரசு இரகசிய ஆய்வுத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, அந்தத் தேதியை வைத்தே அதற்கு 523 என்று பெயரிட்டது. 1969இல் அதில் சேர்ந்த து யூயூ, பழைய நூல்களிலிருந்தும் வைத்தியர்களிடமிருந்தும் மருந்து முறைகளை ஆயிரக்கணக்கில் சேகரித்தார். நம் மரிக்கொழுந்தின் இனத்தைச் சேர்ந்த சிங்ஹாவ் முதல் சோதனைகளில் ஓரளவு பலன் காட்டியது; மறுமுறை செய்தபோது அந்தப் பலன் தேறவில்லை. கெ ஹோங்கின் குறிப்பைத் திரும்பப் படித்தபோது, சூடு மருந்துச் சத்தைக் கெடுத்திருக்கலாம் என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. 35 பாகையிலேயே கொதித்துவிடும் ஈதரைக் கொண்டு சத்தைப் பிரித்தெடுத்தார். 1971 அக்டோபர் 4 அன்று, 191ஆம் எண் மாதிரி எலிகளின் உடலிலிருந்த மலேரியாக் கிருமிகளை முழுமையாக ஒழித்தது. அடுத்த ஆண்டு அவரும் உடன் பணியாற்றியவர்களும் அதைத் தாங்களே விழுங்கி, நச்சு உண்டா என்று பார்த்தார்கள். ஆர்ட்டிமிசினின் கிடைத்தது இப்படித்தான். 2015இல் நோபல் பரிசு வந்தது.

பாரம்பரிய மருத்துவத்தின் பெருமைக்குச் சான்றாக இந்தக் கதை எங்கும் சொல்லப்படுகிறது, சொல்லத் தகுந்ததுதான். ஆனால் கெ ஹோங்குக்கு இன்னொரு நூல் உண்டு. ‘பாவோபுசி’ என்ற அந்த நூலில், மூலிகைகள் ஆயுளைக் கொஞ்சம் நீட்டுமே தவிர சாவை வெல்லமாட்டா என்று வாதிடுகிறார். சாவை வெல்லப் பொன்னும் சாதிலிங்கமும் சேர்த்துப் புடமிட்ட அமுதம் வேண்டும் என்பது அவர் துணிபு. சாதிலிங்கம் பாதரசமும் கந்தகமும் கூடிய கனிமம். அந்த அமுதத்தின் செய்முறை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தன்னிடம் இருந்தும் செய்து பார்க்கப் பொருள்வசதி இல்லை என்று வருந்தி எழுதுகிறார். சாதிலிங்கம் கிடைக்கும் தெற்குப் பகுதிக்குப் பணிமாற்றம் கேட்டுப் புறப்பட்டு, இறுதியில் குவாங்டோங்கின் லுவோஃபு மலையில் தங்கிவிட்டார்.

ஒரே மனிதர். நேர்மையிலும் படிப்பிலும் இரண்டு நூல்களிலும் அவர் வேறானவர் இல்லை. ஒரு மருந்து இலட்சக்கணக்கான உயிர்களைக் காத்தது. மற்றது குடித்தவர்களைக் கொன்றது. தாவோ மரபின் பழமையும் அதன் ஆசிரியர்களின் அறிவும் இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட உதவவில்லை. மலேரியாவுக்குச் சொல்லப்பட்ட அதே அத்தியாயத்தில் சிங்ஹாவுக்குப் பக்கத்தில் வேறு பல வைத்தியங்களும், மந்திரச் சடங்குகளும்கூட இருக்கின்றன. எது பலிக்கும் என்று அந்த ஏடு சொல்வதில்லை. அதைக் கண்டறிய எலிகளும் ஈதரும் ஒப்பீடும் தேவைப்பட்டன.

மூச்சுப் பயிற்சி, மூலிகை, தன்னைப் பண்படுத்தும் சாதனை என்று தாவோ மரபிலிருந்து நம்மை வந்தடையும் எதையும் மொத்தமாக ஏற்பதும் மொத்தமாகத் தள்ளுவதும் சோம்பல் என்று நான் கருதுகிறேன். கேட்கவேண்டிய கேள்வி வேறு. தலைமுறைகளின் அனுபவம் எந்த வகை உண்மையைக் கண்டுபிடிக்க வல்லது, எந்த வகை உண்மை அதன் கண்ணுக்குத் தப்பிவிடும்?

அமுதம் குடித்தவர்களின் கதை இதற்கு நல்ல பாடம். 7 முதல் 10ஆம் நூற்றாண்டு வரை ஆண்ட தாங் மரபின் மன்னர்களில் பலர் இந்த மருந்துகளால் மாண்டார்கள். சியான்சோங் அமுதம் உண்டு கடும் சினமும் சந்தேகமும் கொண்டவராகி, 820இல் அரண்மனைப் பணியாளர்களால் கொல்லப்பட்டதாக வரலாறு கூறுகிறது. 824இல் மூசோங், 846இல் வூசோங், 859இல் சுவான்சோங் என்று வரிசை நீண்டது. ஹான் யூ என்ற அறிஞர், தனக்குத் தெரிந்த அதிகாரிகள் பலர் இரசமருந்தால் எப்படி உடல் வெந்து இறந்தார்கள் என்று ஒருவரின் கல்லறை வாசகத்திலேயே எழுதி வைத்தார். இத்தனை சாவுகள் கண்முன் நடந்தும் வழக்கம் ஏன் நிற்கவில்லை? பாதரசம் மெல்லக் கொல்லும். முதலில் உடம்பு சூடேறுவதுபோலவும் புது வேகம் வந்ததுபோலவும் தோன்றும். கை நடுங்குவதை மருந்து வேலை செய்வதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளலாம். உண்டவர் இறந்தாலும், உடலைக் கழற்றிவிட்டு அவர் அமரராகிவிட்டார் என்று சொல்ல நம்பிக்கையில் இடம் இருந்தது. எந்த முடிவு வந்தாலும் தோற்காத கொள்கை அது. அதனாலேயே அதற்குத் தன்னைத் திருத்திக்கொள்ளும் வழி அடைபட்டுப்போயிற்று.

இத்தகைய நம்பிக்கைகள்மீதான ஐயம் மேற்கிலிருந்து வந்த இறக்குமதிச் சரக்கு என்று நினைப்பது தவறு. முதல் நூற்றாண்டிலேயே வாங் சோங், தாவோ நம்பிக்கைகளின் பொய்களை ஆராயவென்றே தனி அத்தியாயம் எழுதினார். ஹுவாய்நான் அரசர் லியூ ஆன் நாயும் கோழியும் உட்பட வீட்டோடு வானேறினார் என்று மக்கள் சொன்னதை எடுத்துக்கொண்டு, அவர் கலகம் செய்யத் திட்டமிட்டுப் பிடிபட்டுத் தற்கொலை செய்துகொண்டவர் என்ற வரலாற்றை எதிரே வைத்தார். தாவோ மரபின் மூலநூல்களில் ஒன்றான சுவாங்சுவே, கரடிபோல் நீட்டியும் பறவைபோல் விரித்தும் மூச்சு பழகி நெடுநாள் வாழப் பார்ப்பவர்களை உயர்ந்த ஞானிகளின் வரிசையில் சேர்க்க மறுக்கிறது. 7ஆம் நூற்றாண்டின் மாபெரும் வைத்தியரும் தாவோ சாதகருமான சுன் சிமியாவ், ஐந்து கனிமங்களால் ஆன பொடியின் செய்முறையை எங்கே கண்டாலும் உடனே எரித்துவிடச் சொன்னார். மாலைக்கண்ணுக்கு ஈரலையும் கழுத்துக் கழலைக்குக் கடற்பாசியையும் கொடுத்தவர் அவர். இன்றைய அறிவும் அந்த இரண்டையும் ஒப்புக்கொள்கிறது.

இரசவாதம் கொன்றதாலும் செலவு பெரிதாக இருந்ததாலும், காலப்போக்கில் உலை வெளியிலிருந்து உடம்புக்குள் நகர்ந்தது. 1075 வாக்கில் சாங் போதுவான் எழுதிய நூலில் இந்த உள்ரசவாதம் முழு வடிவம் பெறுகிறது. ஈயமும் பாதரசமும் அங்கே உடலுக்குள் இருக்கும் ஆற்றல்களின் குறியீடுகள். அடிவயிற்றிலும் மார்பிலும் தலையிலும் தாந்தியான் என்ற ஆற்றல் மையங்கள் மூன்று. முதுகு வழியே ஏறி உடலின் முன்புறம் வழியே இறங்கும் ‘சி’ என்ற உயிராற்றலின் சுற்று. பெய்ஜிங்கின் வெண்மேகக் கோயிலில் 1886இல் கல்லில் செதுக்கிய படத்தில் மனித உடல் மலையாகவும் ஆறாகவும் உழும் எருதாகவும் விரிகிறது. அழகான படைப்பு அது. உடற்கூற்று வரைபடமாக அதைப் படிப்பவர் ஏமாந்துபோவார்.

உடற்பயிற்சியின் வேர் இதைவிடப் பழையது. சாங்ஷா நகரின் மாவாங்துய் கல்லறையைக் கி.மு. 168இல் மூடினார்கள், 1973இல் அதைத் தோண்டியபோது பட்டுத்துணியில் தீட்டிய 44 உருவங்கள் கிடைத்தன. ஆணும் பெண்ணும், இளையவரும் முதியவரும் குனிந்தும் நிமிர்ந்தும் கைநீட்டியும் நிற்கிறார்கள். கரடி, குரங்கு, கொக்கு என்று சில அசைவுகளுக்குப் பெயர். சிலவற்றின் அருகே எந்த நோய்க்கு என்ற குறிப்பு. சாவாமை பற்றிய பேச்சே இல்லாமல், வலிக்கும் உடம்பை அசைத்துப் பார்த்தவர்களின் ஆவணமாக அது எனக்குப் படுகிறது. தாவோ மரபின் உடற்பயிற்சிகளில் நம்பத்தகுந்தது எல்லாம் இந்தப் பட்டுத்துணியின் பக்கத்தில்தான் இருக்கிறது.

அடிவயிற்றில் கவனத்தைக் குவித்து, உதரவிதானத்தை அசைத்து மெல்ல மூச்சு விடுபவருக்குச் சில வாரங்களில் அங்கே வெப்பமும் துடிப்பும் தோன்றுவது பொய்யில்லை. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவில் மூச்சை மெதுவாக்கினால் இதயத்துடிப்பின் ஏற்ற இறக்கம் மூச்சோடு இசைந்துபோகிறது; பதற்றம் தணிகிறது. இவை கருவிகளால் அளந்த விளைவுகள். ஆனால் இந்த வெப்பம் தாந்தியான் இருப்பதற்குச் சாட்சி ஆகுமா? ஏறத்தாழ இதே அனுபவத்தைப் பெறும் நம் யோகசாதகர் அதைக் குண்டலினி என்கிறார். அவருக்கு மூன்று தாந்தியான்கள் இல்லை, ஆறு ஆதாரங்கள் இருக்கின்றன. சீனர் சுற்றிவந்து இறங்கும் வழியைக் காண்கிறார். இவர் முதுகுத்தண்டில் ஏறி உச்சியில் முடியும் வழியைக் காண்கிறார். இருவரின் அனுபவமும் உண்மை. இருவரின் வரைபடங்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. கற்றுத்தந்த வரைபடத்தின்படியே உணர்வு தோன்றுகிறது என்றால், வரைபடத்துக்கு அந்த உணர்வைச் சாட்சியாகக் கூப்பிட முடியாது.

ஜெர்மனியில் நாட்பட்ட முதுகுவலி உள்ள 1,162 பேரிடம் நடத்தி 2007இல் வெளியான அக்குபங்சர் ஆய்வு இதை எண்களில் காட்டுகிறது. மரபு சொன்ன புள்ளிகளில் முறைப்படி ஊசி குத்தியவர்களில் 47.6 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்தில் நல்ல முன்னேற்றம். புள்ளிகளைத் தவிர்த்து மேலோட்டமாகக் குத்தியவர்களில் 44.2 சதவீதம். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27.4 சதவீதம் மட்டுமே. ஊசிச் சிகிச்சை உதவியது. எங்கே குத்தவேண்டும் என்ற சாத்திரம் உதவவில்லை. முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவோரும் இரண்டாம் பாதியை மட்டும் சொல்வோரும் உண்டு. இரண்டையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

தாய்ச்சிக்குக் கிடைத்திருக்கும் சான்று இன்னும் வலுவானது. பார்க்கின்சன் நோயாளிகள் 195 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து நடத்திய ஆய்வு 2012இல் வெளிவந்தது. தாய்ச்சி பழகியவர்களின் உடற்சமநிலை, எடைப்பயிற்சி செய்தவர்களையும் நீட்டல் பயிற்சி செய்தவர்களையும்விட மேம்பட்டது. கீழே விழுவது நீட்டல் குழுவைவிடக் குறைந்தது. எடைப்பயிற்சிக் குழுவோடு ஒப்பிட்டால் அதில் தெளிவான வேறுபாடு இல்லை. முழங்காலை மடக்கி எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மெல்ல மாற்றும் பயிற்சி, தடுமாறும் உடம்புக்கு உதவுவதை விளக்கத் தசையும் நரம்பும் போதும். ஆனால் இங்கே ஓர் உண்மையான இடர் இருக்கிறது: தான் தாய்ச்சி செய்வது தெரியாமல் யாரும் தாய்ச்சி செய்ய முடியாது. போலி மாத்திரை கொடுப்பதுபோலப் போலிப் பயிற்சி கொடுப்பது கடினம். அதனால் வலி குறைந்தது, மனம் தெளிந்தது என்ற விளைவுகளைவிட, எத்தனை முறை விழுந்தார் என்ற எண்ணிக்கையை நான் கூடுதலாக நம்புகிறேன்.

பயிற்சியின் பயன் ஒருபுறம் இருக்க, அதன் வம்சாவளிக் கதை தமிழர்களைத் தனியாகத் தொடுகிறது. போதிதருமர் காஞ்சிபுரத்திலிருந்து போய்ச் சீனருக்கு உடற்கலையையும் மருத்துவத்தையும் கற்றுத்தந்தார் என்பது, 2011இல் வந்த ‘7ஆம் அறிவு’ படத்துக்குப் பிறகு இங்கே ஏறக்குறைய வரலாறாகவே புழங்குகிறது. அவரைக் குறிப்பிடும் 6ஆம் நூற்றாண்டுச் சீன ஏடுகளில் ஒன்று அவரைப் பாரசீகர் என்கிறது. இன்னொன்று தென்னிந்திய அரசரின் மூன்றாம் மகன் என்கிறது. காஞ்சிபுரம் இரண்டிலும் இல்லை. குங்ஃபூவும் இல்லை. உடற்பயிற்சியை அவரோடு முடிச்சுப்போடும் ‘யீஜின்ஜிங்’ என்ற நூலை 1624இல் தாவோ சாதகர் ஒருவர் எழுதியதாக ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். அதற்குப் பழமை கொடுக்க, தாங் காலத் தளபதி லீ ஜிங் 628இல் எழுதியதாக ஒரு முன்னுரை சேர்க்கப்பட்டது. தளபதிக்கு அந்த நூலைக் கொடுத்ததாக முன்னுரை சொல்லும் சுருட்டைத்தாடி வீரர், ஒரு சிறுகதையின் கற்பனைப் பாத்திரம்! சீன அறிஞர் லிங் திங்கான் 18, 19ஆம் நூற்றாண்டுச் சந்திப்பிலேயே இந்த முன்னுரையின் பொய்மையைக் காட்டிவிட்டார். நம் பெருமைக்கு உகந்த கதை என்பதால் நாம் ஆராயாமல் விடக்கூடாது. சித்தர் போகர் சீனாவிலிருந்து வந்தார், சீனாவுக்குப் போனார் என்ற கதைகளும் அப்படியே. சித்தர் மரபும் தாவோ மரபும் இரசத்தையும் மூச்சையும் காயசித்தியையும் ஒரேவிதமாகப் பேசுவது மிக உண்மை. கடல்வழித் தொடர்பு இருந்ததும் உண்மை. ஆனால் போகர் பெயரில் கிடைக்கும் பாடல்களின் மொழி பிற்காலத்தது. இரு மரபுகளும் எங்கே, எப்போது கைமாற்றிக்கொண்டன என்பதற்கு அவற்றை நேரடிச் சாட்சியாக நிறுத்த இயலாது.

சிகோங் என்று இன்று உலகம் அறிந்த பயிற்சி, அந்தப் பெயரில், கம்யூனிஸ்ட் சீனாவின் படைப்பு. 1940களில் லியூ குய்ஜென் என்ற கட்சி ஊழியர் வயிற்றுப் புண்ணால் நலிந்திருந்தார். உறவினர் ஒருவரிடம் மூச்சுப் பயிற்சி கற்றுத் தேறினார். மதச்சாயலை நீக்கி அதை மருத்துவமுறையாகக் கட்சி ஏற்றது. பெய்தாய்ஹே கடற்கரையில் மருத்துவ இல்லம் எழுந்தது. அவர் தேறியதை நான் ஐயப்படவில்லை. ஆனால் வயிற்றுப் புண் தானாக ஆறி மீண்டும் வரும் நோய். பெரும்பாலும் ஒரு பாக்டீரியாவால் வருகிறது என்று 1980களில் தெரியவந்தது. தானாக ஏறி இறங்கும் நோய்களில் தனிமனித அனுபவம் எளிதில் ஏமாந்துபோகும், ஏனென்றால் நோய் உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் புதிய மருந்தைத் தேடுகிறோம். அதற்குப் பிறகு அது இறங்கத்தான் செய்யும்.

1979இல் காதால் எழுத்தைப் படிக்கும் சிறுவனைப் பற்றி சிச்சுவான் நாளிதழ் செய்தி வெளியிட்டது. அடுத்த இருபது ஆண்டுகள் சிகோங் காய்ச்சல் சீனாவைப் பிடித்தது. சீன ஏவுகணை அறிவியலின் தந்தை சியான் சுவேசென்னே அபூர்வ ஆற்றல்களின் ஆய்வுக்கு ஆதரவு தந்தார். குருமார்கள் தொலைவிலிருந்து தண்ணீரின் மூலக்கூற்றை மாற்றுவதாக அறிவித்தார்கள், விளையாட்டரங்குகள் நிரம்பின. 1988இல் சீனாவுக்குச் சென்ற அமெரிக்க ஐயவாதிகள் குழுவில் ஜேம்ஸ் ரேண்டி என்ற மந்திரவித்தைக்காரரும் இருந்தார். குருவை ஓர் அறையிலும் நோயாளியை வேறு அறையிலும் இருத்தி, குரு எப்போது ‘சி’ அனுப்பவேண்டும் என்பதைத் தற்செயல் முறையில் தீர்மானித்தார்கள். அனுப்பியபோதும் அனுப்பாதபோதும் நோயாளி ஒரேமாதிரி துள்ளினார். சோதனைக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஒரு சுவர் போதுமாயிருந்தது. 1999இல் சிகோங் இயக்கங்களில் ஒன்றான ஃபாலுன் கோங் தடைசெய்யப்பட்டு, அதைப் பின்பற்றியவர்கள் கொடுமையாக ஒடுக்கப்பட்டார்கள். அதை ஐயவாதத்தின் வெற்றியாக எண்ணக்கூடாது. அரசின் தடை ஒரு கருத்தைச் சோதிப்பதில்லை; வாயை மட்டும் அடைக்கிறது.

பயிற்சியே தீங்கு செய்வதும் உண்டு. அளவுமீறிய தவத்தால் தீ பரவிப் பேய் புகும் நிலையைத் தாவோ ஆசிரியர்கள் பழங்காலத்திலிருந்தே எச்சரித்தார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1994இல் வெளியிட்ட நோய்க் கையேட்டில் சிகோங்கால் வரும் மனப்பிறழ்வு இடம்பெற்றது. குடும்பத்தில் மனச்சிதைவு இருந்தவர்கள் மணிக்கணக்கில் மூச்சடக்கி அமர்வதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

மூலிகைகளில்தான் அனுபவத்தின் எல்லை மிகக் கூர்மையாகத் தெரிகிறது. இளைப்புக்கு மாஹுவாங் என்ற செடியைக் கொடுத்தால் மூச்சுத்திணறல் அன்றே தணிகிறது. அனுபவம் அதைச் சரியாகவே கண்டது. 1885இல் ஜப்பானின் நாகாய் நாகயோஷி அதிலிருந்து எஃபெட்ரின் பிரித்தார். ஆனால் உடல் இளைக்க ஆரோக்கியமானவர்கள் அதை அமெரிக்காவில் நாள்தோறும் விழுங்கத் தொடங்கியபோது மாரடைப்பும் பக்கவாதமும் வந்தன. 2004இல் அது துணைச்சத்துகளில் தடைசெய்யப்பட்டது. நரைமுடியைக் கருக்கும், ஆயுளை நீட்டும் என்று கதைகள் சொல்லும் ஹெஷோவூ கிழங்கு, சிலருக்குக் கல்லீரலைக் கடுமையாகப் பாதிப்பது இன்று உறுதியாகியுள்ளது. நூற்றிலோ ஆயிரத்திலோ ஒருவருக்கு வரும் தீங்கை எந்தத் தனி வைத்தியரும் தன் வாழ்நாளில் கண்டு இனம்பிரிக்க வாய்ப்பில்லை.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது பிரஸ்ஸல்ஸ் நிகழ்வு. 1990களின் தொடக்கத்தில் அங்கே ஓர் எடைகுறைப்பு மருத்துவமனையில் சீன மூலிகை சேர்ந்த மாத்திரை கொடுத்தார்கள். ஃபாங்ஜி என்ற வேருக்குப் பதிலாக, பெயரில் ஒத்த, அரிஸ்டோலோகியா இனத்து வேர் ஒன்று கலந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகங்கள் பழுதாயின. பழுதான சிறுநீரகங்களை முன்னெச்சரிக்கையாக நீக்கச் சம்மதித்த 39 பேரில் 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் இருந்ததை 2000இல் ஆய்வாளர்கள் தெரிவித்தார்கள். அந்த இனத்தில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் மரபணுவில் தனக்கே உரிய தழும்பை விடுகிறது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியான முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. தைவானில் 98 கல்லீரல் புற்றுக் கட்டிகளைப் பார்த்த 2017 ஆய்வில் 78 சதவீதத்தில் அந்தத் தழும்பு இருந்தது.

அந்த இனத்து மூலிகைகளைச் சீனர் நூற்றாண்டுகளாக உண்டுவந்தார்கள். உண்டதற்கும் நோய்க்கும் இடையே பல ஆண்டுகள் ஓடிவிடுவதால் எந்த வைத்தியரும் இரண்டையும் இணைத்துப் பார்க்கவில்லை. பாட்டன் காலத்திலிருந்து சாப்பிடுகிறோம், ஒன்றும் ஆகவில்லை என்ற வாதம் உடனே தெரியும் விளைவுகளுக்கு மட்டுமே செல்லும். சிங்ஹாவ் காய்ச்சலைத் தணிப்பதை அந்த வாதத்தால் காணமுடிந்தது. பாதரசம் நரம்பை அரிப்பதையும் இந்த வேர் மரபணுவைக் கீறுவதையும் அதனால் காணமுடியவில்லை.

இது சீனரின் சிக்கல் மட்டும் அல்ல. நம் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் ஆடுதீண்டாப்பாளையும், பெருமருந்து என்று பெயர்பெற்ற ஈசுரமூலியும் அதே அரிஸ்டோலோகியா இனம். அதே அமிலம் கொண்டவை. பூச்சிக்கடிக்கும் தோல்நோய்க்கும் மாதவிடாய்க் கோளாறுக்கும் அவற்றை உள்ளுக்குக் கொடுக்கும் வழக்கம் உண்டு. தைவானில் மருந்துச்சீட்டுகள் தேசியக் காப்பீட்டுக் கணக்கில் பதிவாகியிருந்ததால், மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இந்த வகை மூலிகையை உண்டிருந்தது பின்னால் தெரியவந்தது. 2003இல் அவற்றைத் தடைசெய்தார்கள். கடையில் கைப்பிடியாக வாங்கும் வேருக்கு இங்கே சீட்டு இல்லை, பதிவும் இல்லை. காரணம் தெரியாத சிறுநீரகப் பழுதோடு டயாலிசிஸுக்கு வரும் ஒவ்வொருவரிடமும், இந்த இரண்டு செடிகளையும் காட்டி, எப்போதாவது உள்ளுக்கு எடுத்தீர்களா என்று மருத்துவர்கள் கேட்டு எழுதிவைக்கத் தொடங்கலாம். சித்த மருத்துவர்களும் அந்தக் கேள்விக்குத் துணைநிற்கவேண்டும். செடியை முகம்பார்த்து அடையாளம் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான்.